உள்ளுக்குள் ஊதும் குழாய்

பழைய மோட்டார் சைக்கிளின் எண்ணெய்க் குழாயை மாற்றினால், கழற்றியதைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். ஒரு புது பிளேடு எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதில் பாதி அந்த வெட்டு முகத்திலேயே இருக்கும்.

என் 1987 புல்லட்டில் மூன்று மாதமாக டேப்பெட் சத்தம். இரண்டு முறை சரிசெய்தேன். இரண்டு நாள் அடங்கிவிட்டு மறுபடி தொடங்கியது. எண்ணெய் அளவு சரியாக இருந்தது. எங்கும் ஒழுகவில்லை. கடைசியில் சந்தேகம் வலப்பக்கத்துச் சிறு குழாயின் மேல் விழுந்தது. எனக்கு முன் வண்டியை வைத்திருந்த யாரோ அசல் குழாயை எடுத்துவிட்டு, கைக்குக் கிடைத்த ரப்பர்க் குழாயைப் போட்டிருந்தார். வெளியே பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பாக, விரிசல் இல்லாமல், கொஞ்சம் பளபளப்பாகக்கூட இருந்தது. வெட்டினேன். 5 மி.மீ. இருந்திருக்க வேண்டிய துளை, ஊறிய அப்பளம்போல் உப்பிய சுவருக்கு நடுவே பாதியாகச் சுருங்கியிருந்தது. தீக்குச்சி தயங்கித் தயங்கித்தான் உள்ளே போயிற்று.

அந்தக் குழாய்க்கு என்ன வேலை என்று முதலில் பார்த்துவிடுவோம். புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த வடிவம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா தொடங்கப்பட்ட பிறகு திருவொற்றியூர் அதன் ஊராயிற்று. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த அந்தப் பழைய எஞ்சினோ, சென்னையில் 2000-களின் இறுதிவரை உயிரோடு இருந்தது. அதில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. கிராங்க் கேஸின் உள்ளேயே, பின்பக்கம், சுவர் தடுத்து வார்த்த ஓர் அறைதான் தொட்டி. டைமிங் பக்கத்தில் இருக்கும் பிஸ்டன் வகைப் பம்புகள் எண்ணெயை எடுத்து அனுப்பவும் திருப்பிக் கொண்டுவரவும் செய்கின்றன. பெரும்பாலான பாதை உலோகத்துக்குள் குடைந்த துளைகள் வழியாகவே போகிறது. வெளியே கண்ணுக்குத் தெரிவது, கீழிருந்து ஏறி இரண்டாகப் பிரிந்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் இரண்டு ராக்கர்களுக்கும் எண்ணெய் கொண்டுபோகும் இந்த மெல்லிய குழாய் மட்டும்தான். ராக்கரை நனைத்த எண்ணெய், புஷ்ராட் போகும் குகை வழியாகத் தானே கீழே வடிந்துவிடும்.

இவ்வளவு சிறிய குழாய் பாதி அடைத்தால் என்ன, பாதி எண்ணெய் போகுமே என்று தோன்றும். போகாது. 1839-இல் ஜெர்மன் பொறியாளர் ஹாகனும், 1840-களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேயும் மெல்லிய குழாய்களில் திரவம் ஓடுவதைத் தனித்தனியே அளந்தார்கள். மருத்துவருக்கு இதில் என்ன அக்கறை என்றால், அவர் நினைப்பெல்லாம் இரத்த நுண்குழாய்கள் மேல். இருவருக்கும் கிடைத்த விடை ஒன்றே: அழுத்தம் மாறாதிருந்தால், ஓட்டம் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியும் ஆகாது, காலும் ஆகாது. பதினாறில் ஒரு பங்காகும். மாரடைப்பு வரும்வரை ஆள் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார் என்கிறோமே, அந்தக் கதைக்கும் என் புல்லட்டின் கதைக்கும் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இங்கே ஒரு கெட்டிக்கார வாசகர் கையைத் தூக்குவார். பம்பு பிஸ்டன் வகை ஆயிற்றே, ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு என்று தள்ளியே தீருமே, துளை சுருங்கினால் அழுத்தம்தானே ஏறும்? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பம்பின் தட்டைச் சுருள்வில் ஒன்றுதான் அழுத்திப் பிடித்திருக்கிறது. எதிர்ப்பு மிகுந்தால் தட்டு இம்மியளவு எழும்பி, எண்ணெய் பக்கவாட்டில் நழுவிவிடும். தேய்ந்த பம்பானால் இன்னும் சுலபமாக நழுவும். எண்ணெயும் நம்மைப் போலத்தான். நெருக்கடியான வழியைவிட்டுச் சந்துபொந்து தேடும். தனித் தொட்டி வைத்த பழைய வண்டிகளில், தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் நிலைமை இதைவிட மோசம். அங்கே எண்ணெயைத் தள்ள ஆளே இல்லை. காற்றழுத்தமும் எண்ணெயின் சொந்த எடையும்தான் இறக்கிவிட வேண்டும். அந்தக் குழாய் சுருங்கினால் பம்பு வெறும் வாயை மெல்லும்.

அதிலும் காலை நேரம் கொடுமை. 20டபிள்யூ-50 எண்ணெயில் 50 என்ற எண், 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை ஏறக்குறைய 16 முதல் 22 அலகுக்குள் இருக்கும் என்பதைச் சொல்கிறது. அதே எண்ணெய் 40 டிகிரியில் எட்டு, ஒன்பது மடங்கு கெட்டியாக இருக்கும். மார்கழிக் காலையில் அதைவிடக் கெட்டி. சூடான எண்ணெய் எப்படியோ ஊர்ந்து போய்ச் சேர்ந்த துளையில், குளிர்ந்த எண்ணெய் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். என் டேப்பெட் சத்தம் காலையில் அதிகமாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது வெட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ராக்கருக்கு எண்ணெய் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல, 1883-இல் லண்டனில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் செய்த சோதனைக்குப் போக வேண்டும். ரயில் அச்சுகளின் பேரிங்கில் உராய்வு எவ்வளவு என்று அளப்பது அவர் வேலை. அச்சின் கீழ்ப்பாகம் எண்ணெயில் தோய்ந்தபடி சுழல, மேலே சுமையோடு அரைவட்டப் பேரிங் உட்கார்ந்திருந்தது. பேரிங்கின் உச்சியில், மேலிருந்து எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழல ஆரம்பித்ததும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையை அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அடித்துச் செருகினார், அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்தினார். பேரிங்கின் மேல் சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். மானியின் முள் 200-ஐயும் தாண்டிப் போயிற்று.

எந்தப் பம்பும் அந்த அழுத்தத்தைக் கொடுக்கவில்லை என்பதுதான் இதில் வியப்பு. சுழலும் அச்சே எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டுபோய், குறுகிக்கொண்டே போகும் ஆப்பு வடிவ இடைவெளிக்குள் திணித்து, அந்த அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டது. இரும்பும் பித்தளையும் ஒன்றையொன்று தொடாமல் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தன. மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் அதற்குச் சமன்பாடு எழுதினார். இன்றும் பேரிங் வடிவமைப்பவர்கள் அதைத்தான் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

ஆக, எஞ்சினில் பம்பின் வேலை சுமை தாங்குவதல்ல, பந்தி விசாரிப்பது. இலையில் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மிச்சத்தைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும். ராக்கருக்கு மட்டும் இந்த வரம் கிடைக்கவில்லை. அது சுழல்வதில்லை, ஊஞ்சல்போல் ஆடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு ராக்கரும் நொடிக்கு 25 முறை போய்வருகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு முனையிலும் ஒரு கணம் நிற்கிறது. நின்ற கணத்தில் ஆப்பு இல்லை, படலத்தைக் காப்பாற்ற ஆளும் இல்லை. முந்தைய கணத்து எண்ணெய் பிதுங்கி வெளியேறுவதற்குள் ஆட்டம் திரும்பிவிட வேண்டும். அதனால்தான் ராக்கருக்குச் சோறு கொஞ்சமானாலும் வேளை தவறக் கூடாது.

சரி, குழாய் ஏன் உப்பியது? ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் சிக்குண்டு கிடக்கும் ஒரு வலை. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோது நடந்தது, அந்தச் சங்கிலிகளுக்கு இடையே ஆங்காங்கே முடிச்சு விழுந்ததுதான். முடிச்சு இருப்பதால் எண்ணெயில் அது கரையாது. ஆனால் இயற்கை ரப்பரின் சங்கிலியும் தரைக்கடி எண்ணெயின் மூலக்கூறும் ஒரே சாதி. இரண்டும் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். எண்ணெய் வலைக்குள் புகுந்து, சங்கிலிகளை விலக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வெளிப்புறத்தில் துணிப் பின்னல் இறுக்கிப் பிடித்திருந்தால், உப்பல் போக இடம் உள்பக்கம் ஒன்றுதான். வெளியே சமர்த்தாக இருந்த என் குழாயின் இரகசியம் அதுதான். ஒழுகும் குழாயாவது தரையில் கறை போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு மாற்று, 1930-களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பர். அதன் சங்கிலியில் நைட்ரஜன் கொண்ட அக்ரைலோநைட்ரைல் தொகுதிகள் இருக்கின்றன. மின்னேற்றம் ஒருபக்கம் சாய்ந்த அந்தத் தொகுதிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எண்ணெயை அண்டவிடா. இந்தத் தொகுதி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு எண்ணெயைத் தாங்கும். அவ்வளவுக்குக் குளிரில் விறைக்கும். சென்னைவாசிக்கு இரண்டாவதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் நைட்ரைலுக்கு இன்னொரு எதிரி உண்டு: ஓசோன். வெயிலும் வாகனப் புகையும் சேர்ந்து தரைமட்டத்திலேயே ஓசோனை உண்டாக்குகின்றன. அது சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளைத் தேடிப்போய் வெட்டும். குழாய் வளையும் இடத்தில், இழுபடும் வெளிப்புறத்தில், இழுவைக்குக் குறுக்கே வரிவரியாக விரிசல் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் நல்ல எண்ணெய்க் குழாயில் உள்ளே நைட்ரைல், நடுவே பின்னல், வெளியே நியோப்ரீன் போர்வை இருக்கும். புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கேட்கும்போது ‘ஒரு மீட்டர் டியூப் கொடுங்க’ என்று கேட்டால் கண்ணாடிபோல் தெரியும் பிவிசி குழாயைக் கொடுத்துவிடுவார்கள். அதை மிருதுவாக வைத்திருக்கும் சேர்மானத்தைச் சூடும் எண்ணெயும் உறிஞ்சிவிடும். சில மாதத்தில் அது வளைத்தால் முறியும் குச்சியாகிவிடும். சூடான எஞ்சின் எண்ணெய்க்கானது என்று சொல்லிக் கேளுங்கள்.

விளக்கெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. பழைய பந்தய வண்டிகள் பலவும் முதல் உலகப்போர் விமானங்கள் பலவும் ஓடியது ஆமணக்கு எண்ணெயில். அதன் மூலக்கூறில் ஆக்சிஜன் உண்டு, தரைக்கடி எண்ணெயைப்போல் இயற்கை ரப்பரை ஊதவைக்காது. கார் பிரேக்கில் ஊற்றிய முதல் திரவங்களிலும் ஆமணக்கு எண்ணெய் இருந்தது இதனால்தான். இதைப் படித்துவிட்டு யாரும் புல்லட்டில் விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டாம், கோந்துபோல் படிந்துவிடும்.

நல்ல எண்ணெய்க் குழாயின் நடுவில் இருக்கும் பின்னலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அழுத்தம் தாங்கும் நல்ல குழாய் எதுவானாலும் நூல்கள் குழாயின் நீளத்தோடு ஏறத்தாழ 55 டிகிரி சாய்ந்திருக்கும். உள்ளே அழுத்தம் ஏறும்போது குழாயின் சுற்றுவாக்கில் விழும் இழுவை, நீளவாக்கில் விழுவதைப்போல் இரு மடங்கு. தோட்டத்துக் குழாய் வெடித்தால் நீளமாகக் கிழிவது அதனாலேயே. நூலை நீளத்தை ஒட்டிச் சுற்றினால் குழாய் பருத்துக் குட்டையாகும். சுற்றுவாக்கில் சுற்றினால் மெலிந்து நீளும். இரண்டும் இல்லாமல் சமனாக நிற்கும் கோணம் ஒன்றே ஒன்று, 54.7 டிகிரி. அதன் டேன்ஜென்ட்டை வர்க்கப்படுத்தினால் சரியாக 2 வரும். அழுக்குப் பிடித்த கறுப்புக் குழாய்க்குள் இப்படியொரு வடிவியல்.

உலோகக் குழாயே போட்டுவிட்டால் இந்த வம்பெல்லாம் இல்லையே என்பவர்களுக்கு: ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் தெரியுமல்லவா? செம்புக் குழாய் ஆட்டத்திலேயே கெட்டிப்பட்டு, ஒருநாள் இணைப்பின் கழுத்தில் மயிரிழையாக விரியும். நான் பேஞ்சோ முனை அழுத்திப் பொருத்திய நைட்ரைல் குழாயைத்தான் போட்டேன். இது என் தேர்வு. அசல் வடிவமே வேண்டும் என்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

வேலையைத் தொடங்கும் முன் எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கழற்றுமுன் இணைப்புகளைச் சுற்றி டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். திறந்த பிறகு உள்ளே விழும் ஒரு மணல் துகள் பிறகு எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; பழைய எஞ்சின் எண்ணெயில் தோலுக்கு ஆகாத, புற்று விளைவிக்கக்கூடிய சேர்மங்கள் உண்டு. பேஞ்சோ போல்ட் என்பது நடுவே குடைந்து, பக்கவாட்டில் துளையிட்ட போல்ட். எண்ணெய் அதன் வயிற்றுக்குள் புகுந்து பக்கவாட்டில் வெளியேறும். குடைந்தது என்பதால் பலம் குறைவு, அது இறங்கும் சிலிண்டர் தலையோ அலுமினியம். வலுவைக் காட்டினால் போல்ட் முறியும், அல்லது மரை போய்விடும். நீள ஸ்பேனரைத் தூரப் போட்டுவிட்டுச் சின்னதை எடுங்கள். குழாயை வெட்டினால் ரப்பர்த் துணுக்கு உள்ளே நிற்கும், ஊதி வெளியேற்றுங்கள். மரையில் டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டாம், சிலிக்கோன் பசையும் வேண்டாம். பிசிறு பிய்ந்து போய் எண்ணெய்த் துளையை அடைக்கும். ஒழுகாமல் காக்க இரண்டு செம்பு வாஷர் போதும்.

அந்த வாஷர்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். புதிது கிடைத்தால் நல்லது. பழையதைத்தான் போட வேண்டுமென்றால் அடுப்பில் காட்டி, மங்கலான சிவப்பு வந்ததும் இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். இதைச் சொன்னால் கொல்லுப்பட்டறை பார்த்தவர்கள் சிரிப்பார்கள்: அரிவாளைத் தோய்ச்சல் போட்டால் கெட்டியாகுமா, இளகுமா? எஃகு கெட்டியாகும். சட்டென்று குளிர்ந்தால் அதன் அணுக்கள் வேறு அடுக்குக்கு மாறி, கார்பன் நடுவில் மாட்டிக்கொள்ளும். செம்பில் அந்த வித்தை கிடையாது. அதை இளக்குவது சூடு மட்டுமே. தண்ணீரில் போடுவது நம் அவசரத்துக்கும், மேலே படிந்த கறுப்பு உதிர்வதற்கும்தான்.

செம்பு ஏன் கெட்டிப்படுகிறது? கூடத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை இழுத்து நகர்த்துவது கஷ்டம். ஓரத்தில் ஒரு சுருக்கம் உண்டாக்கி, அதை மறு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனால் ஜமக்காளம் சுலபமாக நகரும். உலோகம் வளைவதும் இப்படித்தான், அணுவடுக்கில் ஓடும் சுருக்கங்களால். 1934-இல் டெய்லர், ஒரோவான், போலான்யி மூவரும் தனித்தனியே இதைச் சொன்னார்கள். ஒருமுறை நசுக்கப்பட்ட வாஷரில் சுருக்கங்கள் பெருகி, ஒன்றோடொன்று பின்னி நின்றுவிடும். பிறகு அது வளைந்து கொடுக்காது, இணைப்பின் மேடுபள்ளத்தை நிரப்பாது. சூடாக்கினால் புதிய படிகங்கள் முளைத்து, சிக்கல் இல்லாத அடுக்காக மாறும். குடம் அடிக்கும் கன்னார்கள் நடுநடுவே தகட்டை நெருப்பில் காட்டுவதும் இதற்காகத்தான். எந்தச் சமன்பாடும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் கைக்கு இது தெரிந்திருந்தது.

புதுக் குழாயை மாட்டும் முன் அதற்குள் எண்ணெய்க் கிண்ணியால் புது எண்ணெய் விடுங்கள். வெறும் குழாயாக மாட்டினால் பம்பு முதலில் காற்றைத் தள்ளும், ராக்கர் அதுவரை பட்டினி. மேல் இரண்டு பேஞ்சோவையும் அரைச்சுற்றுத் தளர்த்தி வைத்து, டிகம்பிரஷரைப் பிடித்துக்கொண்டு பத்திருபது முறை நிதானமாக உதையுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடவிட்டால், முதலில் நுரையும் பின்னே நுரையில்லாத எண்ணெயும் கசிந்து வரும். அப்போது இறுக்கிவிடலாம். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பம்பைப் பாருங்கள். கோளாறு குழாயில் இல்லை. குழாய் சைலன்சரையும் சிலிண்டரின் இறகுகளையும் தொடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 10 டிகிரி சூடு கூடினால் ரப்பர் மூப்படையும் வேகம் இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்களின் கைக்கணக்கு.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுங்கள். கொஞ்சம் மிச்சம் பிடித்து, ஒரு பழைய டம்ளரில் ஊற்றி, சைக்கிள் டியூப் துண்டு ஒன்றும் நைட்ரைல் குழாய்த் துண்டு ஒன்றும் ஒரே நீளத்தில் வெட்டிப் போட்டு வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஸ்கேலால் அளந்தால், இத்தனை பக்கம் நான் எழுதியதை அந்த இரண்டு துண்டும் சொல்லிவிடும்.

வேலை முடிந்த இரவு வண்டிக்கடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் ஒரே ஒரு சொட்டு. கீழ் இணைப்பு வாஷர்தான். அதை மட்டும் சூடாக்காமல் போட்டிருந்தேன்.